மயினியின் பம்பும் ஊமத்தையின் பயணமும்

அண்டியாபீசில் இருபது வருஷம் அண்டி தல்லிய என் மயினிக்கு இளைப்பு. வறுபடும் தோட்டெண்ணெய்ப் புகையோடு கழிந்த வருஷங்கள். பம்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்பாள். "நாலு பேரு பாக்க இழுக்காண்டாம் மக்கா, பெறவு அது இல்லாம முடியாதும்பாங்க." உடலின் மீது ஊர் நடத்தும் இந்தக் கண்காணிப்பின் வரலாற்றைத் தேடப்போய், எனக்கு அகப்பட்டது வேறொன்று.

ஊமத்தை வேரைப் புகைத்தால் இளைப்பு அடங்கும் என்ற இங்குள்ள வழக்கத்தைச் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவரான ஆண்டர்சனிடம் அறிந்து, 1802 வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஜெனரல் ஜென்ட். பிறகு ஐரோப்பா முழுக்க 'ஆஸ்துமா சிகரெட்'. அதை இங்கே புகைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு இந்தக் கதையில் பெயரில்லை.

'நம்முடையதைத் திருடிவிட்டான்' என்று எழுதி முடித்துக்கொள்ளலாம். நம் வட்டாரத்தில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் ஊமத்தை விஷம். எந்த வேரில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புகைத்துப் புத்தி பேதலித்தவர்களும் உண்டு. அதிலுள்ள அட்ரோபீன், மூச்சுக்குழலை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தியைத் தடுக்கிறது. அதையே மாற்றிச் செய்த இப்ராட்ரோப்பியம் 1970களில் பம்புக்குள் வந்தது.

அளந்து விடும் பம்பு 1956இல் அமெரிக்காவின் ரைக்கர் கம்பெனியில் பிறந்தது. அதன் தலைவர் மெய்சனின் 13 வயது மகள் ஆஸ்துமாக்காரி. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது என்று அவள் கேட்டாளாம். ஒரு அழுத்துக்கு இவ்வளவுதான் என்ற அந்த வால்வு, ஊமத்தையால் ஒருநாளும் தர முடியாத ஒன்று.

மயினியின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளவும் மனசு வரவில்லை. 1960களில் வீரியம் கூடிய ஐசோபிரினலின் பம்புகள் புழங்கியபோது பிரிட்டனில் ஆஸ்துமாச் சாவுகள் ஏறின. பம்பின் மீதே சந்தேகம் விழுந்தது. ஆனால் அவள் பயம் இடம் மாறி நிற்கிறது. நீலப் பம்பு குழலை உடனே விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைத் தணிப்பது தவிட்டு நிறப் பம்பிலுள்ள ஸ்டீராய்டு. 1972இல் வந்த பெக்ளோமெத்தசோன் வகை. தினமும் இழுக்க வேண்டும், இழுத்ததும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே அவள் அதை விட்டுவிட்டாள். நீலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல் சொல்லியாயிற்று. அது அரிசிப் பானைவரை வரவில்லை. (நானும் ஊமத்தையைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேனே தவிர, அவளிடம் எதை இழுக்கிறாய் என்று கேட்கவில்லை.)

கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"ரெண்டும் வாங்கணும்னா கூலி எட்டாதே மக்கா. கவர்மென்டு ஆஸ்பத்திரியில அந்தத் தவிட்டுக் கலரு குடுப்பாங்களா?"

திங்கட்கிழமை தக்கலைக்குக் கேட்கப் போகிறோம்.