கயிற்றைக் கண்டாலே அடம்பிடிக்கும் நாய்க்குட்டி: 2 வாரத்தில் பழக்குவது எப்படி?

ராஜபாளையம்:-

ஆசை ஆசையாக வாங்கி வந்த நாய்க்குட்டி, பட்டையை மாட்டியதும் தரையில் உருண்டு புரண்டு கத்துகிறதா? கயிற்றைப் பிடித்து வாசலுக்கு அழைத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு 'வரவே மாட்டேன்' என்று அடம்பிடிக்கிறதா? கவலை வேண்டாம். எல்லா குட்டிகளும் முதலில் இப்படித்தான் செய்யும். தினமும் சில நிமிடம் ஒதுக்கினால் போதும். பெரும்பாலான குட்டிகள் 2 வாரத்தில் வழிக்கு வந்துவிடும்.

பல வீடுகளில் இங்கேதான் தப்பு நடக்கிறது. சிலர் குட்டியை தரதரவென்று இழுத்துப் போகிறார்கள். இதனால் அதன் கழுத்துக்கு ஆபத்து. இன்னும் சிலர் 'பாவம், குட்டிதானே' என்று அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். இதனால் அதன் உயிருக்கே ஆபத்து. கேட்டைத் திறந்த ஒரு நொடியில் ரோட்டுக்குப் பாயும் குட்டிக்கு பைக்கும் தெரியாது, லாரியும் தெரியாது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

எப்போது தொடங்கலாம்?

குட்டியை தாயிடம் இருந்து பிரிக்க 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் 2 நாள் இடம் பழக விட்டுவிட்டு, பிறகு வீட்டுக்குள்ளேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். 'பெரிசானதும் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டால் கஷ்டம்தான். குறிப்பாக ராஜபாளையம் நாய் வளர்ந்துவிட்டால் தொடை உயரத்துக்கு வந்து நிற்கும். அது ஒரு இழுப்பு இழுத்தால் பெரிய ஆளே தடுமாறிப் போவார்.

ஆனால் ரோட்டில் இறக்கி நடக்கவிட அவசரப்படக் கூடாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் பல மாதங்கள் கூட உயிரோடு இருக்கும். இதற்கான தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை போடுவார்கள். வெறிநோய் தடுப்பூசியை 3 மாத வயதில் போடுவார்கள். தடுப்பூசி முடிந்து டாக்டர் 'சரி' என்று சொன்ன பிறகே தெருவில் இறக்க வேண்டும். அதுவரை குட்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று பஸ், ஆட்டோ சத்தத்தைப் பழக்கலாம்.

கழுத்துப் பட்டையா, பாடி பெல்ட்டா?

பெட் ஷாப்பில் 'பாடி பெல்ட்' என்று கேட்டாலே ஹார்னஸ் எடுத்துக் கொடுப்பார்கள். இது கழுத்தைச் சுற்றாமல் மார்பையும் முதுகையும் சுற்றி வரும். குட்டி திடீரென்று பாய்ந்தாலும் அந்த வேகம் மார்பில்தான் இறங்கும். மூச்சுக்குழாய் நெரிபடாது.

பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கும். பக் நாய்க்கு முகம் சப்பையாக இருப்பதால் மூச்சு விடுவதே சிரமம். இவைகளுக்கு கழுத்தில் கயிறு கட்டி இழுப்பது கூடவே கூடாது.

நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு வேறு பிரச்சினை. தலை ஒடுக்கமாக இருக்கும். பின்பக்கமாக ஒரு இழு இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். நாய் ஓடிவிடும், பட்டை மட்டும் கையில் மிஞ்சும். இவைகளுக்கு மார்பு ஆழமாகவும் வயிறு ஒட்டியும் இருப்பதால் ஹார்னசை மாட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது.

அளவு பார்ப்பது எப்படி?

முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்பின் அகலமான இடத்தில் டெய்லர் டேப் வைத்து அளக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் நூலால் சுற்றி, அந்த நூலையே கடைக்கு எடுத்துப் போகலாம். மாட்டிய பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே 2 விரல் நுழைய வேண்டும். ரொம்பச் சின்ன குட்டிக்கு 1 விரல் போதும். அதைவிட இறுக்கினால் தோல் உராய்ந்து புண்ணாகும். தளர்ந்தால் காலை வெளியே எடுத்துக்கொண்டு நழுவிவிடும்.

பட்டை கால் இடுக்கில் அழுத்தக் கூடாது. தோளை மறைத்து நடையைத் தடுக்கவும் கூடாது. குட்டி வேகமாக வளரும் என்பதால் வாரம் ஒருமுறை அளவைச் சரிபார்த்து தளர்த்த வேண்டும். ரொம்ப விலை கொடுத்து வாங்கினால் அதற்குள் சிறிசாகிவிடும். மெத்தென்ற, கூட்டிக் குறைக்கக் கூடிய சாதா பெல்ட்டே போதும்.

கயிறு 5 அல்லது 6 அடி நீளத்தில் லேசானதாக இருக்கட்டும். இரும்புச் செயின் குட்டிக்குப் பாரம். வெயிலில் சூடேறி சுடவும் செய்யும். நைலான் கயிறு தோலையும் அறுக்கும், பிடித்திருப்பவர் கையையும் அறுக்கும்.

முதல் 3 நாள்

முதல் நாள் ஹார்னசை மாட்டவே கூடாது. குட்டியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அது மோந்து பார்க்கட்டும். மோந்தவுடன் சின்னத் துண்டு தீனி கொடுக்க வேண்டும். 'இது வந்தால் நமக்கு ஏதோ கிடைக்குது' என்று குட்டிக்குப் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தீனிக்கு உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி, அவித்த முட்டை போதும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு கிள்ளிக் கொடுத்தால் போதுமானது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம். இதை வீட்டில் இருக்கும் குழந்தைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

2-வது நாள் ஹார்னசை உடம்பில் சும்மா வைத்து எடுக்க வேண்டும். பக்கிள் போடும்போது 'டக்' என்று கேட்கும் சத்தத்துக்கு சில குட்டிகள் பயப்படும். அதனால் கையிலேயே நாலைந்து முறை மாட்டிக் கழற்றிக் காட்டி, ஒவ்வொரு முறையும் தீனி கொடுக்கலாம். 3-வது நாள் சாப்பாட்டு நேரத்தில் மாட்டிவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் கழற்றிவிட வேண்டும்.

4 முதல் 7-வது நாள் வரை

ஹார்னஸ் போட்ட நேரத்தை 5 நிமிடம், 10 நிமிடம் என்று மெல்ல மெல்ல கூட்ட வேண்டும். குட்டி காலால் சொறியும், உருளும், சிலை மாதிரி உறைந்தும் நிற்கும். திட்டக் கூடாது, அடிக்கவும் கூடாது. ஒரு பந்தை உருட்டிவிட்டால் அதன் கவனம் விளையாட்டுக்குப் போய்விடும். அமைதியாக இருக்கும்போது மட்டும் கழற்ற வேண்டும். கத்தும்போது கழற்றினால் 'கத்தினால் விடுதலை' என்று கற்றுக்கொள்ளும்.

ஹார்னசோடு குட்டியைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் நெரித்துவிடும். இரவிலும் கழற்றி வைப்பதே நல்லது.

2-வது வாரம் கயிறு

இப்போது ஹார்னஸ் கொக்கியில் லேசான கயிற்றை மாட்டி, வீட்டுக்குள் தரையில் இழுத்துக்கொண்டு திரிய விடலாம். கட்டில் கால், நாற்காலியில் சிக்காதபடி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குட்டி கயிற்றைக் கடித்தால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் இழுக்கும். கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து கவனத்தை மாற்ற வேண்டும்.

2 நாள் கழித்து கயிற்றின் மறுமுனையைக் கையில் எடுக்கலாம். எடுத்தவுடன் குட்டியை இழுக்காமல், குட்டி போகும் பக்கம் நீங்கள் போங்கள். பிறகு நீங்கள் 2 அடி முன்னே போய் குனிந்து உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்ததும் தீனி. இப்படி 2 அடி, 5 அடி, 10 அடி என்று கூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாளுக்கு 3 தடவை போதும்.

அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டால் கயிறு தளர்வாகவே இருக்கட்டும். கொஞ்ச நேரம் காத்திருந்து எதிர்ப்பக்கம் நடந்தால் பின்னாலேயே வரும். மாறாக முன்னால் பாய்ந்து இழுத்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி. 'இழுத்தால் நடை கிடையாது' என்று குட்டிக்கு சீக்கிரமே விளங்கிவிடும். வீட்டில் எல்லோரும் இதே மாதிரி செய்ய வேண்டும். அப்பா நிற்க, பிள்ளைகள் கூடவே ஓடினால் பயிற்சி வீண்.

கூப்பிட்டால் திரும்பவில்லையா?

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது பார்க்காதபோது பின்னால் இருந்து கைதட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப செய்தும் அசையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். காது கேட்காத குட்டியைக் கை சைகையில் பழக்கலாம். ஆனால் வெளியே ஒரு நொடி கூட கயிறு இல்லாமல் விடவே கூடாது. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் அதற்குக் கேட்காது.

ரோட்டுக்குப் போகும்போது

முதல் நடையை ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில், 10 நிமிடத்தோடு முடித்துக்கொள்ளலாம். காலை வெயில் ஏறும் முன்பும், மாலை பொழுது சாய்ந்த பிறகும்தான் போக வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை 5 நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குட்டியின் பாதமும் வெந்துவிடும்.

கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் பாய்ந்தால் விரல் ஒடியும். கைப்பிடி வளையத்தில் கையை விட்டு, கயிற்றை உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். பைக்கில் கயிற்றைக் கட்டி நாயை ஓடவிடுவது கொடுமை மட்டுமல்ல, விபத்துக்கும் வழி. தீபாவளி சமயத்தில் பட்டாசு வெடிக்கும் நேரம் பார்த்து நாயை வெளியே கொண்டு போகவே வேண்டாம். பயத்தில் அறுத்துக்கொண்டு ஓடும் நாய் வீடு திரும்பாமலே போகலாம்.

பழக்கும்போது குட்டி கையைக் கடித்தோ கீறியோ ரத்தம் வந்தால் 'பால் பல்லுதானே' என்று விடக் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் உள்ள மாநகராட்சி பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியைக் கடித்துக் குதறிய சம்பவம் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. வளர்ப்பு நாயால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும்.

அதற்காக நாயை நாள் முழுக்க கட்டியே போட்டுவிடலாம் என்று நினைத்தால் அதுவும் குற்றம்தான். 1960-ம் ஆண்டின் மிருகவதை தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி, ரொம்பக் குட்டையான அல்லது ரொம்பக் கனமான செயினில் நீண்ட நேரம் கட்டி வைப்பதும், கட்டிப்போட்டே வளர்க்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் தண்டனைக்குரியது.

ஆக, கயிறு என்பது நாயைக் கட்டிப்போட மட்டும் அல்ல, கூட்டிப்போகவும்தான். அது உங்கள் நாயையும் காப்பாற்றும், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காப்பாற்றும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போகும்போது குட்டியை மறக்காமல் ஹார்னஸ் மாட்டியே கொண்டு போங்கள்.