கூகுளில் கிடைத்த படம்: எடுத்துப் போடலாமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் ஒருவர், கூகுளில் ஓர் அழகான முறுக்குத் தட்டின் படத்தைத் தேடி எடுக்கிறார். அதில் விலையை எழுதி முகநூலிலும் தம் அகப்பக்கத்திலும் போடுகிறார். பண்டிகை முடிகிறது, படம் அங்கேயே கிடக்கிறது. பல மாதம் கழித்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. படத்தின் உரிமையாளர் வேறொருவர், பயன்படுத்தியதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது அது.

சிறு வணிகர்கள், ஆலய நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் என யாருக்கும் இப்படி ஒரு கடிதம் வரலாம்.

சட்டம் சொல்வது

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தைக் கலைப்படைப்பாகக் கருதுகிறது. படம் எடுக்கப்பட்டவுடன் உரிமை தானாகவே உண்டாகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்றோ, படத்தின் மேல் பெயர் இருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை.

உரிமையாளர் வழக்குத் தொடுத்தால், அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கவும் இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுவது கடினம் என்பதால், சட்டமே வரையறுத்த இழப்பீடும் உண்டு. அது ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை, மொத்தமாக 500,000 ரிங்கிட் வரை போகலாம். இவை உச்ச வரம்புகள். ஒவ்வொரு வழக்கிலும் இவ்வளவு கிடைக்கும் என்று பொருளில்லை.

ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி வழங்கல் போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. பயன்பாடு வணிக நோக்கம் கொண்டதா என்பது நீதிமன்றம் கவனிக்கும் அம்சங்களில் ஒன்று. விற்பனை விளம்பரத்துக்கு இந்த விலக்கு கைகொடுக்காது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

"படம்: கூகுள்" என்று போட்டால் போதுமா? போதாது. கூகுள் படத்தைத் தேடிக் காட்டுகிறது, படம் அதனுடையதல்ல. எடுத்தவரின் பெயரையே போட்டாலும் அது நன்றி சொன்னதாக ஆகுமே தவிர, அனுமதி பெற்றதாக ஆகாது.

உரிமத்தில் எத்தனை வகை?

கெட்டி இமேஜஸ், ஷட்டர்ஸ்டாக் போன்ற நிறுவனங்கள் படத்தைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்கின்றன. அங்கே அடிக்கடி குழப்பம் தரும் சொல் 'ராயல்டி ஃப்ரீ'. இது இலவசம் என்று பொருள்படாது. ஒருமுறை கட்டணம் கட்டினால், ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

'எடிட்டோரியல்' என்று குறிக்கப்பட்ட படம் செய்திக்கும் கட்டுரைக்கும் உரியது. அதை விளம்பரத்தில் போடக்கூடாது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படங்களுக்குப் பணம் வேண்டாம்; நிபந்தனை உண்டு. 'பிஒய்' என்றால் எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. 'என்டி' என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக்கூடாது. 'சிசி ஸீரோ' என்றால் நிபந்தனை இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் உரிமம் எழுதப்பட்டிருக்கும். அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே தளங்களில் வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படங்கள் கிடைக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மனிதர்கள் உட்கார்ந்து தேடுவதில்லை. கைரேகையை ஒப்பிடுவது போல, கணினி நிரல்கள் இணையத்தில் உள்ள படங்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஓரத்தை வெட்டினாலும், நிறத்தை மாற்றினாலும், மேலே எழுத்துப் போட்டாலும் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்ட பிக்ஸ்கவுட் நிறுவனத்தைக் கெட்டி 2011இல் வாங்கியது. காப்பிட்ராக், பிக்ஸி போன்றவை படக்கலைஞர்கள் சார்பில் தேடிக் கட்டணம் கோருகின்றன.

கடிதம் வந்தால்

முதலில், குப்பையில் போடக்கூடாது. பயந்து உடனே பணமும் கட்டக்கூடாது. பிறர் பெயரில் ஏமாற்று மின்னஞ்சல் அனுப்புவோரும் உண்டு. அதிலுள்ள இணைப்பைத் தட்டாமல், நிறுவனத்தின் அகப்பக்கத்துக்கு நேராகச் சென்று சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு படத்தை நீக்க வேண்டும். நீக்கிவிட்டால் கோரிக்கை முடிந்துவிடாது. முன்பு பயன்படுத்தியதற்கும் கேட்கலாம்.

பிறகு, படம் யாருடையது, கடிதம் எழுதியவருக்கு அவர் சார்பில் பேச அதிகாரம் உண்டா, தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுத்து வழி கேட்கலாம். பக்கத்தை வேறொருவர் வடிவமைத்திருந்தால், அவர் உரிமம் வாங்கிய ரசீது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோரிக்கை உண்மையானால் தொகையைக் குறைக்கப் பேசலாம். தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

நம் படத்தைப் பிறர் எடுத்தால்?

இதே சட்டம் நமக்கும் பாதுகாப்பு. பத்துமலைத் தைப்பூசத்தில் ஓர் இளைஞர் கைப்பேசியில் எடுத்த காவடிப் படமும் அவருக்கே உரியது. யாராவது அதைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டால் அவரும் கட்டணம் கோரலாம். படத்தை நீக்கச் சொல்லி இணையச் சேவை வழங்குநருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால், 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்கிறது சட்டம். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது சான்றாக உதவும். விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் உரிமையைத் தாமாக முன்வந்து அறிவித்தும் வைக்கலாம்.

திருமணப் படங்களில் மலேசியாவும் சிங்கப்பூரும் வேறுபடுகின்றன. மலேசியாவில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை சேரும். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை படக்கலைஞருக்கே. எந்த ஊரானாலும், முன்பணம் கொடுக்கும்போதே படங்களை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொள்வது நல்லது.

பிறர் படத்தைப் பயன்படுத்தும்போது, எந்தத் தளத்திலிருந்து, எந்த உரிமத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் பின்னால் உதவும். முறுக்கு விற்பவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய முறுக்கைத் தட்டில் அடுக்கி, சன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தம் கைப்பேசியிலேயே ஒரு படம் எடுக்கலாம். காசும் மிச்சம், வாங்குபவருக்கும் தாம் வாங்கப்போகும் முறுக்கு எது என்று தெரியும்.