மனித உரிமை ஆணையங்களும் குடிமைச் சமூகத்தின் ஆசிய ஒத்துழைப்பும்: மதுரை மக்கள் கண்காணிப்பகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மனித உரிமைகளைக் காப்பதற்கென மண்டல அளவிலான நீதிமன்றமோ ஆணையமோ தெற்காசியாவில் இல்லை. இவ்வெற்றிடத்தில் குடிமைச் சமூக அமைப்புகளே நாடு கடந்து இணைந்து செயல்படுகின்றன. மதுரையில் இயங்கும் மக்கள் கண்காணிப்பகம், ஆசிய வலையமைப்புகளின் துணையுடன் இந்தியத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் செயல்பாட்டை உலக அரங்கின் மதிப்பீட்டிற்குக் கொண்டுசென்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்முயற்சிக்குப் பின் எது மாறியது, எது மாறவில்லை என்பதே ஆய்வு வினா.

திறவுச்சொற்கள்: மனித உரிமை, குடிமைச் சமூகம், மண்டல ஒத்துழைப்பு, பாரிசுக் கோட்பாடுகள், மக்கள் கண்காணிப்பகம்

முன்னுரை

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலைச் சேர்ந்த ஒருவர், காவல் நிலையத்தில் தாம் தாக்கப்பட்டதாக மாநில மனித உரிமை ஆணையத்தில் முறையிடுவதாகக் கொள்வோம். ஆணையம் சென்னையில் உள்ளது. நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் முறையிடுதல் வேண்டும். முறையீட்டைப் புலனாய்வு செய்வோர் யாவர் என்பதை மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993 கூறுகிறது. அச்சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, மாநில அரசு வழங்கும் காவல், புலனாய்வுப் பணியாளர்கள் காவல்துறைத் தலைவர் நிலைக்குக் குறையாத அலுவலரின்கீழ் இயங்குவர். தேசிய ஆணையத்திற்கு 11ஆம் பிரிவு இவ்வாறே தலைமை இயக்குநர் நிலை அலுவலரை வகுத்துள்ளது. குற்றம் சாட்டப்படும் துறையைச் சார்ந்தோரே புலனாய்வும் செய்வது முறையீட்டாளரின் நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே குலைக்கிறது.

மண்டல ஒத்துழைப்பின் பின்புலம்

1985ஆம் ஆண்டு டாக்காவில் ஏற்கப்பட்ட சார்க் சாசனத்தின் பத்தாம் உறுப்பு, இருதரப்புச் சிக்கல்களையும் சர்ச்சைக்குரிய பொருள்களையும் விவாதத்திலிருந்து விலக்கியது. எனவே, ஒரு நாட்டின் உரிமை மீறலைப் பிற நாடுகள் அவ்வமைப்பில் எழுப்ப வழியில்லை. ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய மண்டலங்களில் உள்ள மனித உரிமை நீதிமன்றங்களை ஒத்த அமைப்பு இங்கு உருவாகவில்லை.

அரசுகள் விட்ட இடத்தை அமைப்புகள் நிரப்ப முனைந்தன. ஆசிய மனித உரிமை மேம்பாட்டு மன்றம் (ஃபோரம்-ஏசியா) 1991இல் மணிலாவில் தோன்றியது. 1993இல் பாங்காக்கில் கூடிய ஆசிய அரசுகள் மண்டலத் தனித்தன்மைகளை வலியுறுத்தியபோது, அங்கேயே கூடிய அரசு சாரா அமைப்புகள் மனித உரிமைகள் உலகப் பொதுவானவை என அறிவித்தன. மக்கள் கண்காணிப்பகம் 1995இல் மதுரையில் தொடங்கப்பட்டது. காவல் சித்திரவதை, சாதிய வன்கொடுமை ஆகியவை குறித்த கள ஆவணங்களைத் திரட்டுவது அதன் அடிப்படைப் பணியாயிற்று.

மதிப்பீடும் விளைவும்

தேசிய மனித உரிமை நிறுவனங்கள் அரசின் தலையீடின்றி இயங்க வேண்டும் என்பது 1993 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாரிசுக் கோட்பாடுகளின் சாரம். இதனை அளவுகோலாகக் கொண்டு, இந்நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு தகுதிநிலை வழங்குகிறது; குடிமைச் சமூக அறிக்கைகளையும் கருத்தில் கொள்கிறது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்த 2006இல் ஆசிய அளவிலான வலையமைப்பு உருவாயிற்று. அதன் இந்தியக் கிளையாகச் செயல்பட்ட அகில இந்திய வலையமைப்பை மக்கள் கண்காணிப்பகம் ஒருங்கிணைத்தது. 2011 மதிப்பீட்டின்போது இவ்வலையமைப்பு தன் அறிக்கையை அளித்தது. ஆணையம் 'ஏ' தகுதியைத் தக்கவைத்தது. எனினும் உறுப்பினர் நியமனம், காவலர் புலனாய்வு ஆகியவை குறித்த கவலைகள் பதிவாயின. 2016இல் தகுதி ஏற்பு ஒத்திவைக்கப்பட்டது. 2017இல் மீண்டும் வழங்கப்பட்டது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது.

பெண்களின் பங்கு குறைவு என்பது 2016இல் சுட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், உறுப்பினர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் என நிறுவுதல் அரிது. ஆயினும் திருத்தம் குறையைத் தொடர்ந்து வந்தது என்பது கருதத்தக்கது. அதே திருத்தம் காவலர் புலனாய்வு குறித்த ஏற்பாட்டை நீக்கவில்லை. ஆணையத்தின் தோற்றத்தைச் செம்மைப்படுத்தும் மாற்றத்தை ஏற்ற அரசு, காவல்துறையின் பிடியைத் தளர்த்தும் மாற்றத்தை ஏற்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மண்டல ஒத்துழைப்பு தண்டிக்கும் அதிகாரம் பெற்றதன்று. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டையும் அது நேரே பெற்றுத்தருவதில்லை. உள்நாட்டில் பழகிப்போன ஒரு குறையைப் பிற நாட்டார்முன் விடை கூற வேண்டிய வினாவாக்குவதே அதன் ஆற்றல். அவ்வாற்றலின் வேர் கீழ்மட்ட ஆவணத்தில் உள்ளது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் நாள், இடம், காயம், சாட்சியம் ஆகியவை உரிய காலத்தில் பதிவாகாவிடில், ஜெனீவாவில் வைக்கப்படும் அறிக்கை வெறும் கருத்துரையாகிவிடும். அதேவேளை, ஆவணம் எவ்வளவு செம்மையாயினும் 11, 27ஆம் பிரிவுகள் திருத்தப்படும்வரை அவ்வூரார் அளிக்கும் முறையீடு காவலர் கைக்கே மீளும். இனி வரும் ஆய்வுகளும் இயக்கங்களும் கருத்துச் செலுத்த வேண்டிய இடம் அதுவே.