கண்டுபிடிப்பவரும் நிரூபிப்பவரும்

ஒரு பெண்ணின் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி, அவள் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, கீழே அவளுடைய அலைபேசி எண்ணையும் எழுதிவிடுகிறான் ஒருவன். இரவெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் அழைப்புகள். யாரிடம் போவது என்று வீடு தவிக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. ஆனாலும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தவர்கள் தனியார் துப்பறியும் நிறுவனத்தைத் தேடிப் போகிறார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துக் கொடுத்துவந்த நிறுவனங்கள் சில இப்போது இணையத் தொல்லைக்கும் ஆள் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்கின்றன.

அப்படிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். துப்பறிவாளர் உட்காரவைத்து முழுக்கதையையும் கேட்கிறார். காவல் நிலையத்திலோ, “அந்த போட்டோவ நீ ஏம்மா போட்ட?” என்ற கேள்வி முதலில் வந்துவிடுகிறது. “பிளாக் பண்ணிட்டு வேலையப் பாருங்க” என்ற அறிவுரை அடுத்து. வற்புறுத்தினால், முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது என்பது அச்சட்டத்தின் 78ஆவது பிரிவு. அதனால் உள்ளூர் நிலையம் மாவட்டத் தலைநகரைக் கைகாட்ட, புகார் அலைகிறது.

ஆனால் வேகம் வேறு, அதிகாரம் வேறு. போலிக் கணக்கிலிருந்து ஆளை எட்டுவது எப்படி என்று பார்த்தால் இது புரியும். விசாரணை அதிகாரி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்கீழ் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்திடம் விவரம் கேட்கிறார். கணக்கு தொடங்கக் கொடுத்த மின்னஞ்சல், எண், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து எந்த நொடியில் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த முகவரி எந்த அலைபேசி நிறுவனத்துடையதோ அவர்களுக்கு அடுத்த கடிதம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அலைபேசி இணையத்தில் ஒரே பொது ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் சேர்ந்து கிடைத்தால்தான் எந்த சிம் என்று சொல்ல முடியும். இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும்.

இந்தப் பாதையில் ஓர் அடிகூடத் துப்பறிவாளர் சட்டப்படி எடுத்துவைக்க முடியாது. அவர் நோட்டீஸ் அனுப்பினால் எந்த நிறுவனமும் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. “கால் டீடெயில் எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், திருட்டுத்தனமாக வாங்கித் தருகிறேன் என்று அர்த்தம். 2018இல் மகாராஷ்டிரத்தின் தாணே போலீசார் இப்படி அழைப்புப் பதிவுகளை வாங்கி விற்றதாகத் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தார்கள். எதிராளியின் கணக்கைக் கடவுச்சொல் உடைத்துப் பார்ப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவின்படி மூன்றாண்டு சிறை, ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் வரை போகக்கூடிய குற்றம். செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவரும் உடந்தையாகிறார். புகார் கொடுக்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவார்.

அப்படியானால் துப்பறிவாளரிடம் என்னதான் இருக்கிறது? நேரமும் மனிதர்களைப் படிக்கும் பழக்கமும். இதை லேசாக எண்ணக் கூடாது. இப்படித் தொல்லை தருகிறவர் பல நேரங்களில் தெரிந்தவர்தான்: முன்னாள் காதலர், ஒதுக்கப்பட்ட சக ஊழியர், சொத்துத் தகராறில் இருக்கும் உறவினர். போலிக் கணக்கில் வந்த படம், உறவினர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பகிரப்பட்ட வளைகாப்புப் படம் என்றால் தேட வேண்டிய வட்டம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. வசைகள் மதிய உணவு வேளையிலும் இரவு பதினொன்றுக்கு மேலும் மட்டுமே வருகின்றனவா என்று அவர் பார்ப்பார். ‘வீட்டிற்கு’ என்பதை ‘வீட்டிர்க்கு’ என்றே எழுதும் அந்தக் கை, மூன்று வருடத்துக்கு முந்தைய ஏதாவது வாழ்த்துச் செய்தியிலும் அதே பிழையைச் செய்திருக்கிறதா என்று தேடுவார். நூறு கோப்புகளோடு உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டருக்கு இதற்கெல்லாம் பொழுதில்லை.

இப்படி வந்து சேரும் பெயர் ஒரு நல்ல ஊகம், அவ்வளவே. நீதிமன்றத்தில் மின்னணுச் சான்று நிற்க வேண்டுமானால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியை வைத்திருந்தவரும் மற்றதை நிபுணரும் தர வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் இடம்பெற வேண்டும். துப்பறிவாளர் தன் கணினியில் திறந்து, வெட்டி, வண்ணம் பூசிய அறிக்கையில் ஒட்டிய ஸ்கிரீன்ஷாட் இந்தச் சோதனையைத் தாண்டுவது கடினம்.

இன்னொரு வேறுபாடு எனக்கு மிகுந்த கவலை தருகிறது. துப்பறிவாளருக்கென்று நாட்டில் உரிமச் சட்டமே இல்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கானது. துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. ஒரு பெண் தன்னை நடுங்கவைத்த அதே படங்களை எந்த உரிமமும் இல்லாத ஒருவரின் மடிக்கணினியில் ஒப்படைக்கிறாள். அவை கசிந்தால் ரத்து செய்ய உரிமம்கூடக் கிடையாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் காவல் துறையிடம் போங்கள் என்று முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. 2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தைச் சிதைத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். தந்தை புகார் கொடுத்தார். நாள்கள் நகர்ந்தன. இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதன்பின் சில நாள்களிலேயே குற்றம் சாட்டப்பட்டவர் பிடிபட்டார். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சில நாளில் பிடிக்க முடிந்த ஆளை, அவள் உயிரோடு இருந்தபோதே பிடித்திருக்கலாம். அதிகாரம் முழுவதும் அரசிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாத ஒவ்வொரு நாளுக்கும் அரசே பொறுப்பு.

ஆகவே யார் மேல் என்பதைவிட எதற்கு யார், எந்த வரிசையில் என்பதே என் அக்கறை. முதல் மணி நேரத்து வேலை இரண்டு பேருடையதும் அல்ல, பாதிக்கப்பட்டவருடையது. பிளாக் செய்யும் முன் பதிவு செய்ய வேண்டும். காட்டப்படும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், கணக்கின் முழு இணைய முகவரி, தேதி, நேரம் எல்லாம் படத்தில் விழ வேண்டும். அடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளம். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அது என்ன ஆயிற்று என்று பின்தொடர முடியாது. கூடவே அந்தச் சமூக ஊடகத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுத வேண்டும். அந்தரங்கப் படங்களையும் ஆள்மாறாட்டக் கணக்குகளையும் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளிலேயே கெடு வைத்தார்கள்; 2026இல் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்கள்.

துப்பறிவாளர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பின்தொடர்தல் குற்றத்தைச் சொல்லும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு பெண்களுக்கு மட்டுமே காப்பு. ஓர் ஆண் ஆசிரியரையோ கடைக்காரரையோ மாதக்கணக்கில் திருடன் என்று எழுதித் தூற்றினால் அது பெரும்பாலும் அவதூறாக மட்டுமே பார்க்கப்படும். அவதூறை மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாது. பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் போக வேண்டும். எதிராளியின் பெயர் தெரியாதவர் யார்மேல் வழக்குப் போடுவது? அந்தப் பெயரைத் தேடித் தர துப்பறிவாளர் பயன்படுவார். அப்போதும் அவரை நியமிப்பது வழக்கறிஞராக இருக்கட்டும். பொதுவெளியில் உள்ளதை மட்டும் தேட வேண்டும், யாரையும் நேரில் போய் மிரட்டக் கூடாது, வேலை முடிந்ததும் படங்களைத் திருப்பித் தந்து தன்னிடம் உள்ள நகல்களை அழிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே முன்பணம். இதற்குச் சம்மதிக்காத துப்பறிவாளரிடம் ஒரு படத்தையும் காட்ட வேண்டாம்.