தைப்பிங்–போர்ட் வெல்டு இருப்புப்பாதை

தைப்பிங்–போர்ட் வெல்டு இருப்புப்பாதை, பேராக் மாநிலத்தின் லாருட் வட்டாரத்து வெள்ளீயச் சுரங்கங்களைக் கடற்கரையோடு இணைத்த, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் (8 மைல்) நீளமுள்ள பாதையாகும். 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்ட இதுவே மலாயாவின் முதல் இருப்புப்பாதை. ஜொகூரில் இதற்கு முன்னர் மரத் தண்டவாளங்கள் இட்டு அமைக்கப்பட்ட பாதை நிலைபெறாமல் போனமையால் அது கணக்கில் கொள்ளத்தக்கதன்று.

தோற்றம்

லாருட் வெள்ளீய வயல்களின் உரிமை குறித்துக் கீ ஹின், ஹாய் சான் எனும் இரு சீனச் சங்கங்களுக்கிடையே 1861 முதல் மூண்ட பூசல்கள் 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையால் அடங்கின. அவ்வுடன்படிக்கையின்படி சுல்தானுக்கு ஆலோசனை கூறும் ரெசிடென்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி பேராக்கில் அமர்த்தப்பட்டார். 1877 முதல் 1889 வரை அப்பதவியிலிருந்த ஹியூ லோ, யானைகளாலும் மாட்டுவண்டிகளாலும் சேற்றுவழியே கொண்டுசெல்லப்பட்ட வெள்ளீயம் விரைந்து கப்பலேறினால்தான் மாநிலத்தின் வருவாய் பெருகும் எனக் கண்டு இப்பாதைக்கு வழிவகுத்தார். தைப்பிங்கிலிருந்து மேற்கே மாத்தாங் வழியாகச் சென்று கடலோரத்தில் முடிந்த அதன் இறுதி நிலையத்திற்கு, அப்போதைய நீரிணைக் குடியேற்ற ஆளுநர் பிரடெரிக் வெல்டின் பெயர் சூட்டப்பட்டது.

உழைத்தோர்

பாதையை அமைத்த பெருமை இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினரையே சாரும். சாலையும் பாலமும் அமைப்பதற்கென இலங்கை அரசு பேணிவந்த இத்தொழிலாளர் படையில் பெரும்பாலோர் தமிழராவர். கண்டல் காடு எனப்படும், உவர்நீரில் வேரூன்றி வளரும் மரங்கள் செறிந்த கரையோரச் சதுப்பில் காட்டை வெட்டி, மண் கொட்டி மேடாக்கித் தண்டவாளம் இட்ட அவர்களது அரும்பணி, பொறியாளர்களின் பெயர்களுக்கு இணையாகப் போற்றப்பட வேண்டியதாகும். இலங்கையுடனான இத்தொடர்பு பிற்காலத்திலும் வலுத்தது. இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றி மலாயாவுக்கு வந்த சி. இ. ஸ்பூனர், 1901இல் கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் பொது மேலாளரானபோது, யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியில் சேர்ந்தனர். பாதையைப் பழுதுபார்க்கும் கடும் வேலையோ தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தோள்களில் விழுந்தது.

நீராவிப் பொறிகள்

தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட இப்பாதையின் தொடக்ககாலப் பொறிகளை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரிலிருந்த ரான்சம்ஸ் அண்டு ரேப்பியர் நிறுவனம் கட்டியது. முன்னும் பின்னும் தாங்குசக்கரங்கள் இல்லாமல், ஒன்றோடொன்று தண்டால் பிணைக்கப்பட்ட ஆறு இயக்குசக்கரங்களின்மேல் முழு எடையும் அமைந்திருந்தமையால், அவை ஈரத் தண்டவாளத்திலும் பிடிப்புக் குன்றாமல் பாரமேற்றிய வண்டிகளை இழுத்தன. நீருக்கும் எரிபொருளுக்கும் தனிவண்டி இணைக்காமல் பொறியின் உடலிலேயே தொட்டி பொருத்தப்பட்டிருந்ததால், முனையங்களில் திருப்பாமலே அவற்றை இருதிசையிலும் ஓட்ட முடிந்தது. நெடுந்தொலைவுக்குக் குறையாகக் கருதப்படும் சிறிய தொட்டி, இக்குறுகிய பாதைக்குப் போதுமானதாயிற்று. மலாயாவின் நீராவிப் பொறிகளுக்கு முற்காலத்தில் கண்டல் விறகு பெரிதும் எரிபொருளாக இருந்தது. 1915இல் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் சுரங்கம் திறக்கப்பட்ட பின்னர் அதன் நிலக்கரி விறகின் இடத்தைப் பிடித்தது.

விரிவும் தேய்வும்

சுரங்கத்திலிருந்து அருகிலுள்ள துறைமுகத்துக்கு என்னும் இப்பாதையின் அமைப்பையே கோலாலம்பூர்–கிள்ளான் (1886), சிரம்பான்–போர்ட் டிக்சன் (1891), தாப்பா ரோடு–தெலுக் ஆன்சன் (1893) ஆகிய பாதைகளும் பின்பற்றின. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம் லாருட்டை விஞ்சியதும், 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை நெடும்பாதை இணைந்ததும் போர்ட் வெல்டின் முதன்மையைக் குறைத்தன. 1937இல் மாநிலத் தலைநகரும் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது.

இன்றைய நிலை

தண்டவாளங்கள் அகற்றப்பட்டுவிட்டன; கோலா செபெத்தாங் எனப் பெயர் மாறிய போர்ட் வெல்டில் பயணச்சீட்டு அறையும், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் எழுதப்பட்ட நிலையப் பெயர்ப்பலகையும் எஞ்சியுள்ளன.