காத்திருந்து வாங்கியதும் ஓட்டிப் பார்த்து வாங்குவதும்: இந்தியாவில் கார் கைமாறிய வரலாறு

இந்தியாவில் ஓடிய காருக்குப் புதிய காரைவிட அதிக விலை கிடைத்த காலம் ஒன்று உண்டு. ஓரிரு ஆண்டில் வந்துபோன விந்தை அல்ல அது. பல பத்தாண்டுகள் நாட்டின் கார்ச் சந்தை அப்படித்தான் நடந்தது. இரண்டு மூன்று கார்களை ஒப்பிட்டுப் பார்ப்பது, வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பது, சில ஆண்டு கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுவது ஆகியவை இன்று கார் வாங்கும் வீடுகளில் சாதாரணப் பேச்சு. இவற்றில் கடைசியானதுதான் பழைய வழக்கம். மற்ற இரண்டும் நடுத்தரக் குடும்பங்களுக்கு 1990-களில்தான் வாய்த்தன.

விடுதலைக்கு முன் கார் வாங்க வசதி படைத்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்குத் தேர்ந்தெடுக்க நிறைய இருந்தது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கார்கள் கப்பலில் வந்து இறங்கின. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார் பாகங்களை ஒன்றாகப் பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஃபோர்டும் இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றது. சென்னையில் அடிசன், சிம்சன் போன்ற நிறுவனங்களின் பெயர்கள் மோட்டார் தொழிலோடு ஒட்டியே வளர்ந்தன. பணம் உள்ளவர் தமக்குப் பிடித்ததை வாங்கலாம், சலித்தால் விற்றுவிடலாம் என்ற நிலை அப்போது இருந்தது.

1953-இல் சுங்கவரி ஆணையம் தந்த அறிக்கை இதை மாற்றியது. உதிரி பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்பது அரசின் கொள்கையானது. அந்நிய நிறுவனங்கள் மூட்டை கட்டின. கார் தயாரிப்பில் மூன்று பெயர்கள் மிஞ்சின. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர் 1950-களின் இறுதியில் வந்தது. பிரீமியர் தயாரித்த ஃபியட் 1100 பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961-இல் இரண்டு கதவுகளோடு வந்து, சில ஆண்டுகளில் நான்கு கதவுகளைப் பெற்றது.

உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதையும் அரசே உரிமத்தின் வழியே கட்டுப்படுத்தியதால், வாங்குபவர் சந்தையில் எந்தச் செல்வாக்கும் இல்லாதவராகிப் போனார். 1970-களில் நாட்டின் மொத்தக் கார் உற்பத்தி ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. கார் வேண்டுமென்றால் டீலரிடம் பெயரைப் பதிந்து, முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் கடிதம் வரும். கிடைத்த நிறத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லும் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் பின்னால் நிற்பவர் பார்க்காமலேயே பணம் கட்டத் தயாராக இருந்தார்.

இந்தப் பற்றாக்குறைதான் மறுவிற்பனை மதிப்பு என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் முதலில் உருக்கொடுத்தது. கையில் கார் கிடைத்தவர் மறுநாளே அதைக் கூடுதல் விலைக்கு விற்கலாம். அந்த அதிகப் பணத்துக்குச் சந்தையில் ‘பிரீமியம்’ என்று பெயர். இதைத் தடுக்கவே கார் விநியோகத்துக்குக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதியின்றி விற்கக் கூடாது என்று விதித்தார்கள். விலையையும் அரசு கட்டுப்படுத்தியது. 1969-இல் கார்களுக்குச் சட்டப்படி விலை நிர்ணயிக்கப்பட்டபோது தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் 1971-இல் தீர்ப்பு வந்தது. ஒரு காரின் நியாயமான விலை எது என்பதை நீதிபதிகள் ஆராய வேண்டியிருந்தது என்பதே அந்தக் காலத்தின் நிலையைச் சொல்லிவிடும். தயாரிப்பாளரின் விலையைக் கட்டுப்படுத்த முடிந்தது. கைமாறும் விலையை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. வெளிநாட்டுக் கார் மீது ஆசைப்பட்டவர்களுக்கு அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஒரு வழியாக இருந்தது. தூதரக அதிகாரிகள் விட்டுச் சென்ற கார்களை அது விற்றது.

புதிய காரை ஓட்டிப் பார்க்க முடியாத அந்த நாட்டில், பழைய காரைச் சோதிக்கும் கலை நுட்பமாக வளர்ந்தது. வாங்கப் போகிறவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப்போவார். மெக்கானிக் முதலில் பானட்டில் கை வைப்பார். சூடாக இருந்தால் சந்தேகம்தான். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் என்ஜினை விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். பிறகு என்ஜினைச் சிறிது நேரம் ஐடிலில் விட்டு, திடீரென ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் புகைக்குழாயைப் பார்ப்பார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ரிங் தேய்ந்திருக்கும், ரீபோர் செலவு காத்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே காற்று குப்குப்பென்று அடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் தேய்மானம் கையிலேயே தெரியும். மேட்டில் காரை நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் வழுக்கினால் அதற்கொரு தொகை பேரத்தில் குறையும்.

அதைவிட முக்கியம் உடல்பகுதி. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலே சுமையைத் தாங்கும் அமைப்பு. ஆகவே தரைப்பலகை துருப்பிடித்தால் காரின் உயிருக்கே ஆபத்து. கால்மிதிகளைத் தூக்கிப் பார்ப்பது, கதவுக்குக் கீழே விரலால் தட்டிப் பார்ப்பது, டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது எல்லாம் இதனால் வந்த பழக்கங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களின் கார்களுக்கு இந்தச் சோதனை இரட்டிப்புக் கவனத்தோடு நடந்தது. மீட்டரை மட்டும் யாரும் பெரிதாக நம்பவில்லை. பல பழைய கார்களில் ஐந்து இலக்க மீட்டர்தான். லட்சம் கிலோமீட்டர் கடந்தால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். திருப்பி வைக்கவும் ஆள் இருந்தார்கள். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் தேய்ந்திருக்கும் அளவே மீட்டரைவிட நம்பகமான சாட்சி.

இந்தச் சந்தையில் விலையைத் தாங்கிப் பிடித்தது உதிரி பாகம். அம்பாசடருக்கு எந்தச் சிற்றூரிலும் பழுதுபார்க்க ஆள் உண்டு, பாகம் உண்டு. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருந்தது. கழித்துக் கட்டிய வண்டிகளின் பாகங்கள் அங்கே மறுபிறவி எடுத்தன. சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் கார்களுக்கு முடிவில் இந்த ஆதரவு கிடைக்கவில்லை. ஹெரால்டும் அதைத் தொடர்ந்த கெஸலும் நின்றபின், 1985-இல் அந்த நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்ற ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. வெளித்தோற்றம் பிரிட்டனின் ரோவர். உள்ளே இருந்தது பழைய வான்கார்டு காரின் பரம்பரையில் வந்த என்ஜின். அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. நிறுவனம் மறைந்தால் காரின் மதிப்பும் மறைந்துவிடும் என்ற பாடத்தைச் சென்னை மற்ற ஊர்களுக்கு முன்பே கற்றது.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800-இன் முதல் சாவி ஒப்படைக்கப்பட்டது. சுசுகியின் கூட்டுறவில் உருவான அந்தச் சிறிய கார், பத்தாயிரம் ரூபாய் முன்பணத்தோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிய வைத்தது. இயந்திரம் நவீனமானது, காத்திருப்பும் பிரீமியமும் பழையபடியே இருந்தன. ஆனால் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மாருதி நாடு முழுவதும் விற்பனை, சர்வீஸ் வலையை விரித்தது. மெக்கானிக்கைத் தேடி அலையாமல், நிர்ணயித்த கட்டணத்தில் கம்பெனி சர்வீஸ் கிடைத்தது. பற்றாக்குறை தீர்ந்த பிறகும் மாருதி கார்களுக்கு நல்ல மறுவிற்பனை விலை கிடைத்ததற்கு இதுவே காரணம். தட்டுப்பாட்டால் வந்த மதிப்பு பராமரிப்பால் வரும் மதிப்பாக மாறிய இடம் இது.

1993-இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானதும் வெளிநாட்டு நிறுவனங்கள் மீண்டும் வந்தன. டேவூ சியலோ, பூஷோ 309, ஃபோர்டு எஸ்கார்ட், ஓப்பல் ஆஸ்ட்ரா எல்லாம் அடுத்தடுத்து இறங்கின. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோவும், டேவூ மாட்டிஸும், டாடா இண்டிகாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களத்துக்கு வந்தன. ஒரே விலைப்பிரிவில் இத்தனை கார்கள் நின்றபோதுதான் இந்திய நுகர்வோருக்கு ஒப்பிடுவதற்கு ஏதோ கிடைத்தது. டீலர்கள் வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். வாங்க நினைப்பவர் காரை நியாயமான அளவுக்கு ஓட்டிப் பார்ப்பதை, டீலருக்குத் தரப்படும் வர்த்தகச் சான்றிதழின் பயன்பாடுகளில் ஒன்றாக 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே ஏற்றிருந்தன; அது நடைமுறைக்கு வரப் போட்டி தேவைப்பட்டது. ஆட்டோ இதழ்கள் மைலேஜ், பிக்கப், பின்சீட்டு இடம் என்று கார்களை எதிரெதிரே நிறுத்தி எழுதின. விகடன் குழுமத்தின் மோட்டார் விகடன் அந்தப் பேச்சைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

வந்தவர்களில் பலர் தங்கவில்லை. பூஷோ சில ஆண்டுகளில் வெளியேறியது. கொரியாவில் டேவூ 2000-இல் திவாலானது. இங்கே சியலோவும் மாட்டிஸும் வைத்திருந்தவர்கள் பாகங்களுக்கு அலைந்தார்கள், கார்களின் விலை சரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் உள்நாட்டு விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் கார் தயாரித்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கார் நன்றாக இருந்தும் விற்கும்போது அடிபடுவது இந்த உரிமையாளர்கள்தாம். மறுவிற்பனையை மனதில் வைத்து மாருதியையோ ஹூண்டாயையோ நாடும் இந்தியக் குடும்பத்தின் பழக்கத்தைக் கற்பனைக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வரலாற்றைப் பார்த்தால் அது முழுக்க நியாயமான எச்சரிக்கை.

பழைய கார் விற்பனை நெடுங்காலம் புரோக்கர்களின் கையில்தான் இருந்தது. வாங்குபவருக்குத் தெரியாத குறை விற்பவருக்குத் தெரியும். அதனால் நல்ல காருக்கும் மட்டமான விலையே கிடைக்கும், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தைக்கு வரவே தயங்குவார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அதே 2001-இல் மாருதி ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் சோதித்து உத்தரவாதத்தோடு பழைய கார் விற்கத் தொடங்கியது. மகிந்திரா, ஹூண்டாய், டொயோட்டா முதலியவையும் அதே பாதையில் வந்தன. 2015-க்குப் பின் இணையவழி நிறுவனங்கள் பெருகின. பழைய காரைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் இன்று சாதாரணம். இந்தியாவில் புதிய கார்களைவிடப் பழைய கார்களே அதிகம் கைமாறுகின்றன.

மதிப்பு எப்படித் தேய்கிறது என்பதற்கு ஒரு பொது அளவுகோலும் உருவானது. 2002-ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டு விதிப்படி, காரின் காப்பீட்டு மதிப்பு ஆறு மாதத்துக்குள் 5 சதவீதமும், ஓராண்டு நிறையும்போது 15 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 20 சதவீதமும் குறையும். ஐந்தாம் ஆண்டில் பாதியாகும். சந்தை இதை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும் பேரம் தொடங்கும் இடமாக இது பயன்பட்டது. அரசின் முடிவுகளும் விலையை அசைத்தன. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தில்லியில் தடை வந்தபின், அங்கிருந்து நல்ல நிலையிலுள்ள டீசல் கார்கள் குறைந்த விலையில் மற்ற மாநிலங்களுக்குப் பயணப்பட்டன. 2014-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் பிரபலமான சில சிறிய கார்கள் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதன்பின் மைலேஜுக்குப் பக்கத்தில் பாதுகாப்பும் ஒப்பீட்டில் இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் தொடங்கியது.

காகித விஷயத்தில்தான் சட்டம் மிக மெதுவாக நடந்தது. ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவங்களோடு கார் கைமாறுவது பல்லாண்டு வழக்கம். புரோக்கர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்தவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு விற்பார். இப்படிப் பல கைமாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் பெயருள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. விற்றுப் பணம் வாங்கி மறந்துபோனவர் தலையில் இந்தப் பொறுப்பு விழுவது கொடுமைதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் யாரைத் தேடிப் போவார் என்ற கேள்விக்கு வேறு விடை இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றன. அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டியை ஒப்படைத்துத் தெரிவித்துவிட்டால் அதுமுதல் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஓட்டிப் பார்ப்பது, பழுதுபார்ப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே அவர் வண்டியை எடுக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

தனிநபரிடம் நேரே விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கியவருக்கு 30 நாள் கெடு. காரை விற்பவர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் தாங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்த்து, பெயர் மாறிவிட்டதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.