பினாங்குச் சாதிக்காய்

பாக்கினால் பெயர் பெற்ற தீவு பினாங்கு. மலாய் மொழியில் 'பினாங்' என்னும் சொல் பாக்கையே குறிக்கும். ஆயினும் அத்தீவின் மலைச்சரிவுகளை மாற்றியமைத்த பெருமை மற்றொரு காய்க்கும் உண்டு. அதுவே சாதிக்காய். மருந்தாகவும் மணப்பொருளாகவும் மனிதன் போற்றிய அக்காயின் வரலாறு, 'அளவு' என்னும் ஒரு சொல்லின் அருமையை உணர்த்தும் வரலாறாகும்.

சாதிக்காயின் தாயகம் மொலுக்காத் தீவுகளைச் சேர்ந்த பண்டாத் தீவுக்கூட்டம். அங்கிருந்து கடல்வழியே அது தமிழகத்தை அடைந்தது. இலவங்கம், கருப்பூரம், தக்கோலம் முதலியவற்றோடு சேர்த்து ஐவகை மணப்பொருள்களுள் ஒன்றாகத் தமிழர் அதனைப் போற்றினர். செரியாமை, கழிச்சல், உறக்கமின்மை ஆகியவற்றிற்குச் சித்த மருத்துவம் அதனைப் பயன்படுத்தியது. சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய் ஆகியவற்றுடன் சாதிக்காயையும் கல்லில் இழைத்துக் குழந்தைகளுக்கு உரைமருந்து ஊட்டும் வழக்கம் தமிழ் இல்லங்களில் இருந்தது. இத்தனை இழைப்பு என்று எண்ணியே இழைத்தனர். எண்ணிக்கையே அங்கு மருந்தின் அளவாயிற்று. மருத்துவர் அறிவுரையின்றி இதனைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் தகாது என்பது இக்கால மருத்துவத்தின் எச்சரிக்கை. அதுவும் அளவைப் பற்றிய கவலையே.

மருந்தில் அளவு கண்ட மனிதன் வணிகத்தில் அதனை மறந்தான். 1621ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பண்டாத் தீவுகளைப் படைகொண்டு கைப்பற்றினார். அத்தீவுமக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்; பட்டினியால் மடிந்தனர்; எஞ்சியோருட் பலர் அடிமைகளாக நாடு கடத்தப்பட்டனர். ஒரு காயின் வணிகத்தைத் தனியுரிமையாக்கும் பேராசைக்கு ஒரு மக்களினமே இரையாயிற்று.

அத்தனியுரிமை தகர்ந்த காலத்திலேதான் பினாங்கு இவ்வரலாற்றுள் நுழைகின்றது. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கும்பினிக்காக இத்தீவைக் கைக்கொண்டார். பத்தாண்டுகள் கழித்து, 1796இல், ஆங்கிலேயர் மொலுக்காத் தீவுகளையும் பிடித்தனர். தாவரவியலாளரான கிறிஸ்டபர் ஸ்மித் அங்கு அனுப்பப்பட்டார். 1802ஆம் ஆண்டிற்குள் அவர் திரட்டிப் பினாங்கிற்கு அனுப்பிய சாதிக்காய்க் கன்றுகள் 70,000க்கும் மேற்பட்டவை. ஆயர் ஈத்தாம், சுங்கை குளுவாங் ஆகிய இடங்களில் கும்பினித் தோட்டங்கள் எழுந்தன. ஆனால், பயன் காணப் பல்லாண்டு காத்திருக்கக் கும்பினிக்குப் பொறுமையில்லை. 1805இல் அத்தோட்டங்கள் விற்கப்பட்டன.

சாதிக்காய் மரம் காய்க்க ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரை இன்னது இதுவெனத் தெரியாது. இத்தகைய மரத்தைத் தனியார் சிலர் விடாது வளர்த்தனர். குளுகோர்த் தோட்டத்தின் டேவிட் பிரவுன் அவர்களுள் முதன்மையானவர். நாளடைவில் இலாபம் கண்டதும், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாதிக்காய் நடும் வேட்கை பெருகிற்று. 1860ஆம் ஆண்டையொட்டி நோய் புகுந்தது. மரங்கள் தோட்டந்தோட்டமாகப் பட்டுப்போயின. ஒரே பயிரை நம்பி முதலனைத்தையும் இட்டவர்க்கு, அது வீழ்ந்தபோது கைகொடுக்க வேறொன்றும் இல்லை.

நிலத்திற்கு இருந்த அளவு உடலுக்கும் உண்டு. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினே 1829இல் மூன்று சாதிக்காய்களை உண்டு, தமக்கு நேர்ந்த மயக்கத்தையும் கனவுபோன்ற காட்சிகளையும் எழுதி வைத்தார். விதையின் எண்ணெயிலுள்ள மிரிஸ்டிசின் முதலிய பொருள்களே இதற்குக் காரணம் என்பர். உணவில் ஒரு சிட்டிகை மணமூட்டும். 5 கிராம் அளவிலான தூளோ குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, நாவறட்சி, மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். மருந்தும் நஞ்சும் இரு வேறு காய்களில் இல்லை. ஒரே காயின் இரு வேறு அளவுகளில் உள்ளன.

இக்காலத்தில் கறுப்புச் சாக்லேட்டைப் பற்றி எழும் கேள்வியும் இத்தகையதே. கொக்கோ விதையிலுள்ள பிளவனால்கள் குருதிக் குழாய்களுக்கு நலம் செய்யும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அமெரிக்காவில் முதியோர் 21,442 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியாயிற்று. நாள்தோறும் 500 மில்லிகிராம் பிளவனால் அடங்கிய கொக்கோச் சாறு பெற்றவர்களிடையே இதயநோய், குருதிக்குழாய் நோய் ஆகியவற்றால் நேர்ந்த இறப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் மாரடைப்பு முதலிய நிகழ்வுகளின் மொத்தம் ஐயத்திற்கிடமின்றிக் குறைந்ததாகக் கூற இயலவில்லை. மேலும், அவர்கள் உட்கொண்டது மாத்திரை. சர்க்கரையும் கொழுப்பும் கலந்த சாக்லேட்டு அன்று. ஒரு துண்டு நலம் தரலாம் என்பதால் ஒரு கட்டி பெருநலம் தரும் என்று கொள்வது பிழையாகும்.

நோயில் அழிந்த சாதிக்காய் பினாங்கை விட்டு முற்றும் நீங்கிவிடவில்லை. பாலிக் பூலாவ் வட்டாரத்துப் பழத்தோட்டங்களில் இன்றும் அது காய்க்கின்றது. அதன் சதைப்பகுதி ஊறலாகவும், சர்க்கரையிட்ட வற்றலாகவும், பருகும் சாறாகவும் ஜார்ஜ்டவுன் கடைகளில் விற்கப்படுகின்றது. பலவகை மரங்களுக்கிடையே சாதிக்காய் மரமும் ஒன்றாக நிற்கும் சிறு தோட்டங்களில்தான் அது நிலைத்தது என்பது எண்ணத்தக்கது.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் எந்தவொரு மூலிகையின் பெயரும் இல்லை. உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்ணும் நெறியே அங்குப் பெரிதும் பேசப்படுகின்றது. பண்டாத் தீவின் துயரமும், பினாங்குத் தோட்டங்களின் வீழ்ச்சியும், கல்லில் எண்ணி இழைத்த தாய்மாரின் கைப்பழக்கமும் அந்நெறிக்கே சான்று பகர்கின்றன.